போக்கரில் ஜெயித்த பணம்: எதை எடுப்பது, எதை விடுவது?

வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைன் போக்கரைத் தொடர்ந்து ஆடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பணத்தைக் கையாள்வது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பணம் கட்டி ஆடுவதைச் சட்டம் தடுக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில்கள் பொருந்தாது. மற்றவர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். ரேக் (தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷன்) போக மிச்சம் பார்ப்பவர்கள், ஆடுகிறவர்களில் சிறுபான்மைதான். அந்தச் சிறுபான்மையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று உங்கள் கணக்குப் புத்தகம் சொல்ல வேண்டும். நினைப்பு சொன்னால் போதாது.

கேள்வி: ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத போக்கர் வகை) கேஷ் கேம் (டோர்னமென்ட் இல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடுவது) ஆடுகிறேன். பேங்க்ரோல் (ஆடுவதற்கென்று ஒதுக்கிய பணம்) 20 பை-இன் (ஆட்டத்தில் உட்காரக் கட்டும் தொகை). அதற்கு மேல் ஏறிய உடனே மிச்சத்தை வங்கிக்கு மாற்றிவிடுவேன். மொத்தக் கணக்கில் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை பேங்க்ரோல் காலியாகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: ஆட்டத்தில் தப்பே இல்லாமல் இருக்கலாம். பணத்தை எடுக்கிற முறையில் இருக்கிறது.

உங்கள் வின்ரேட் (சராசரி லாபம்) 100 ஹேண்டுக்கு, அதாவது சீட்டு பிரித்து ஆடும் 100 சுற்றுக்கு, 4 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் கட்டாயம் வைக்கும் பெரிய ஆரம்பப் பந்தயம்) என்று வைத்துக்கொள்வோம். நல்ல வின்ரேட்தான். ஆறு பேர் மேசையில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) 100 ஹேண்டுக்குச் சுமார் 90 பிக் பிளைண்ட் இருக்கும். 90-ஐ 90-ஆல் பெருக்கினால் வேரியன்ஸ் 8,100. பேங்க்ரோல் என்றாவது ஒருநாள் பூஜ்யத்தைத் தொடுவதற்கான வாய்ப்பை இதிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். வின்ரேட்டை 2-ஆல் பெருக்குங்கள், வந்ததைப் பேங்க்ரோலால் பெருக்குங்கள், பிறகு வேரியன்ஸால் வகுங்கள். கிடைக்கும் எண்ணை 2.718-க்கு மைனஸ் அடுக்காகப் போட்டால் விடை.

ஒரு பை-இன் 100 பிக் பிளைண்ட் என்றால், 20 பை-இன் 2,000 பிக் பிளைண்ட். சல்லிக்காசு எடுக்காமல், ஸ்டேக்கையும் (ஆடும் பந்தய அளவையும்) குறைக்காமல் ஆடினால் திவாலாகும் வாய்ப்பு 14 சதவீதம். 30 பை-இன் வைத்திருந்தால் 5 சதவீதம். 50 வைத்திருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இப்போது பணம் எடுப்பதை உள்ளே கொண்டுவருவோம். எடுக்கிற ஒவ்வொரு தொகையும் வின்ரேட்டில் இருந்துதான் கழிகிறது. சம்பாதிப்பதில் பாதியைத் தொடர்ந்து எடுத்தால், பேங்க்ரோலைப் பொறுத்தவரை நீங்கள் 4 அல்ல, 2 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் ஆட்டக்காரர். 20 பை-இனில் திவால் வாய்ப்பு 14-லிருந்து 37 சதவீதத்துக்குத் தாவும்.

உங்கள் முறை இதைவிடவும் மோசம். நல்ல நாட்களின் லாபம் முழுக்க வெளியே போகிறது. கெட்ட நாட்களின் நஷ்டம் முழுக்க உள்ளேயே தங்குகிறது. மேலே கூரை போட்டுவிட்டீர்கள், கீழே தரை இல்லை. இப்படி ஆடினால், ஸ்டேக்கைக் குறைக்காதவரை, என்றாவது ஒருநாள் காலியாவது உறுதி. எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. மேலே சொன்ன எண்களை வைத்துப் போட்டால், 20 பை-இனுக்கு மேல் ஏறியதையெல்லாம் உடனுக்குடன் எடுப்பவர் சராசரியாகச் சுமார் 1 லட்சம் ஹேண்டில் காலியாவார். கூரையை 40 பை-இனுக்கு உயர்த்தினால் அதே சராசரி சுமார் 12 லட்சம் ஹேண்டாகிவிடும். பணம் இரண்டு மடங்கு, ஆயுள் பத்து மடங்குக்கும் மேல். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை உங்களுக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் அல்ல. கணக்கு எதிர்பார்த்ததே அதுதான்.

ஆகவே அடுத்த சில மாதங்கள் எதையும் எடுக்காமல் 40 பை-இனுக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகு மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை எடுங்கள். 50-க்கு மேல் இருப்பதை மட்டும் எடுங்கள். 30-க்குக் கீழே இறங்கினால் பாதி ஸ்டேக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே அதே பணம் 60 பை-இன். இறங்குவதுதான் நீங்கள் இதுவரை போடாத தரை. அதைச் செய்யப் பெரும்பாலானவர்களுக்குக் கை வராது. அதனாலேயே எண்ணை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறோம்.

40 என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. 1956-ல் ஜான் கெல்லி வகுத்த சூத்திரப்படி, பணம் மிக வேகமாக வளரும் புள்ளி, வேரியன்ஸை வின்ரேட்டால் வகுத்தால் கிடைப்பது: 8,100-ஐ 4-ஆல் வகுத்தால் 2,025 பிக் பிளைண்ட், அதாவது சுமார் 20 பை-இன். ஆனால் அந்தச் சூத்திரம் வின்ரேட் துல்லியமாகத் தெரியும் என்றும், பணம் கூடக் குறைய ஸ்டேக்கும் உடனுக்குடன் மாறும் என்றும் எடுத்துக்கொள்கிறது. இரண்டும் நடைமுறையில் இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் அதில் இரண்டு மடங்கு வைக்கிறார்கள். பாட்-லிமிட் ஒமாஹா (ஆளுக்கு நான்கு சீட்டு தரும் போக்கர் வகை) ஆடுபவர்களுக்கு இதுவும் போதாது. அங்கே ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 140 என்பது சாதாரணம், வேரியன்ஸ் 19,600. அதே வின்ரேட்டுக்கு, அதே பாதுகாப்புக்கு, கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு பை-இன் வேண்டும்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடலாமா என்று யோசிக்கிறேன். மாதம் 50,000 ஹேண்ட் ஆட முடியும். வருமானம் ஏறி இறங்குமே, வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை முதலில் பாருங்கள். 4 பிக் பிளைண்ட் வின்ரேட்டில் 50,000 ஹேண்டுக்கு எதிர்பார்ப்பு 2,000 பிக் பிளைண்ட், அதாவது 20 பை-இன். அதே 50,000 ஹேண்டின் ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் ஏறக்குறைய அதே 2,000. ஆறு மாதத்துக்கு ஒரு மாதம் நஷ்டத்தில் முடியும் என்று இதற்கு அர்த்தம். மூன்று மாதம் சேர்த்துக் கூட்டியும் நஷ்டமாக இருக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதே இப்படி.

இன்னொரு சிக்கல், அந்த 4 என்பதே உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. 1 லட்சம் ஹேண்டுக்குப் பிறகு மென்பொருள் 4 என்று காட்டினால், உண்மையான எண் மைனஸ் 1.7-க்கும் 9.7-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 10 லட்சம் ஹேண்ட் ஆன பிறகும் முன்னே பின்னே 1.8 இருக்கும். போக்கர்டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்றவை காட்டும் ஆல்-இன் ஈவி கோடு (கையில் உள்ளதை முழுக்க வைத்த பிறகு விழும் சீட்டுகளின் அதிர்ஷ்டத்தைக் கழித்துக் காட்டும் கோடு), அதிர்ஷ்டத்தின் ஒரு துண்டை மட்டும்தான் கழிக்கிறது. யாருக்கு நல்ல சீட்டு வந்தது, யார் உங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள் என்பதை அது கழிப்பதில்லை.

அதனால், வேலையை விடுவதற்கு முன் பேங்க்ரோலுக்கு வெளியே 12 மாத வீட்டுச் செலவு தனிக்கணக்கில் இருக்க வேண்டும். பேங்க்ரோலையும் இதையும் ஒன்றாக எண்ணுவதுதான் முழுநேர ஆட்டக்காரர்களைக் கவிழ்க்கும் முதல் தவறு. “60 பை-இன் இருக்கிறது” என்று நினைத்திருப்பவர், 12 மாத வாடகையையும் சாப்பாட்டையும் கழித்துப் பார்த்தால் பல நேரம் 20-இல்தான் நிற்பார்.

அந்தச் செலவுக் கணக்கிலிருந்து மாதத்தின் முதல் தேதியில் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். தொகை மாறக் கூடாது. அளந்த வின்ரேட்டில் பாதி வந்தாலும் தாங்கும் தொகையாக வையுங்கள். போக்கர் தளத்திலிருந்து எடுப்பது நேராக வீட்டுக்கு வராது. முதலில் வரிக்கான பங்கு தனியே போகும், அடுத்து செலவுக் கணக்கை 12 மாதத்துக்கு நிரப்பும், அது நிரம்பி வழிந்தால் மட்டும் முதலீட்டுக்குப் போகும். இருப்பு 6 மாதத்துக்குக் கீழே வந்தால் சம்பளத்தைக் கால் பங்கு குறையுங்கள், முதலீட்டை நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்ட முதலீட்டைத் தொடாதீர்கள்.

ரேக்பேக்கை, அதாவது உங்கள் ரேக்கிலிருந்து தளம் திருப்பித் தரும் பங்கை, தனியாக எழுதி வாருங்கள். ஆடிய அளவுக்கு ஏற்ப வருவதால் அது மேசை லாபத்தைப் போல ஆடாது, அசையாது. சம்பளத்தின் அடிப்படையை அதன் மீது கட்டுவது நல்லது. ஆனால் தளம் ஒரே அறிவிப்பில் அதைக் குறைத்துவிட முடியும் என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் லாபத்தில் பாதிக்கு மேல் ரேக்பேக்கிலிருந்து வருகிறது என்றால், வேலையை விடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பேங்க்ரோல் முழுவதையும் ஒரே தளத்தில் வைத்திருக்கிறேன். பெரிய, பெயர் பெற்ற தளம். பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு. தளத்தில் இருக்கும் இருப்பு வங்கி டெபாசிட் அல்ல. அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன்.

2011 ஏப்ரல் 15-ஐ ‘கறுப்பு வெள்ளி’ என்று போக்கர் உலகம் இன்றும் சொல்கிறது. அன்று அமெரிக்க அரசு போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகியவற்றின் நிறுவனர்கள் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியே வைத்திருந்ததால் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சில வாரங்களில் திருப்பிக் கொடுத்தது. ஃபுல் டில்டின் நிலைமை வேறு. 2011 மார்ச் இறுதியில் அது ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு நீதிமன்றத்தில் சொன்னது. போக்கர்ஸ்டார்ஸ் அதை வாங்கிய பிறகு மற்ற நாட்டவர்களுக்கு 2012 நவம்பரில்தான் பணம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு 2014-ல் தொடங்கியது. அப்சல்யூட் போக்கரில் பணம் வைத்திருந்தவர்கள் 2017 வரை காத்திருந்தார்கள். ஃபுல் டில்டும் அப்போது பெரிய, பெயர் பெற்ற தளம்தான்.

ஆடும் மேசைகளின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு பை-இன் தளத்தில் இருந்தால் போதும். நான்கு மேசை ஆடுபவருக்கு 12. மிச்சப் பேங்க்ரோல் உங்கள் பெயரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அது அங்கே இருந்தாலும் பேங்க்ரோல்தான். வீட்டுக்கு எடுத்துவிடக் கூடாது. இ-வாலெட்டைப் பணம் கடந்து போகும் வழியாக மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே கிடக்கும் பணத்துக்குப் பொதுவாக வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு கிடையாது.

தளத்தின் விதிமுறைகளில் ‘வாடிக்கையாளர் பணம்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். நிறுவனம் திவாலானால் ஆட்டக்காரர் பணம் என்னவாகும் என்பதைப் பிரிட்டன் உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் தனிக் கணக்கில் இருக்கிறது என்பதும், திவாலிலும் அது பாதுகாப்பாக இருக்கும் என்பதும் ஒன்றல்ல.

அடையாளச் சரிபார்ப்பைப் பெரிய தொகை ஜெயித்த பிறகு தொடங்காதீர்கள். கணக்குத் திறந்த வாரத்திலேயே முடித்து, ஒரு சிறு தொகையை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாததுதான் பணம் மாட்டிக்கொள்ளும் வழக்கமான இடம். தந்தை பெயர், முதலெழுத்து, குடும்பப் பெயர் இவற்றை ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதிப் பழகிய நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. எடுக்கச் சொன்ன பணத்தைப் பாதி வழியில் திரும்ப அழைக்கும் வசதி இருந்தால், அதை முடக்க முடியுமா என்று தளத்திடம் கேளுங்கள். தோற்ற இரவில் கை அங்கேதான் போகும்.

கேள்வி: கிரெடிட் கார்டில் கடன் வாங்கிப் பேங்க்ரோல் சேர்க்கலாமா? வட்டியைவிட என் வின்ரேட் அதிகம்.

பதில்: வேண்டாம். வட்டி ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரும். வின்ரேட் அப்படி வராது என்பதை மேலே பார்த்தோம். வட்டி கட்டுவதும் பணம் எடுப்பதும் பேங்க்ரோலுக்கு ஒன்றுதான். கடன் ஏற்கெனவே இருந்தால், பேங்க்ரோலை வளர்ப்பதற்கு முன் அதை அடைத்துவிடுங்கள். ஸ்டேக்கைக் குறைத்தாவது அடைத்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய டோர்னமென்ட் ஒன்றில் முதல் பரிசு அடித்தேன். வழக்கமாக நான்கு வருடத்தில் சம்பாதிப்பது ஒரே இரவில் வந்துவிட்டது. ஸ்டேக்கை ஏற்றலாமா, முதலீடு செய்யலாமா, என்ன செய்வது?

பதில்: வாழ்த்துகள். முதல் 30 நாள் பணத்தை எங்கேயும் நகர்த்த வேண்டாம், வங்கிக்குத் தவிர. வழக்கமான பை-இனிலேயே ஆடுங்கள்.

அந்த முப்பது நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் உங்களுடையது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. பரிசில் ஒரு பங்கை முன்கூட்டியே விற்றிருந்தால், யாருடனாவது ஸ்வாப் (ஒருவர் பரிசில் மற்றவருக்குப் பங்கு என்ற ஒப்பந்தம்) செய்திருந்தால், அவர்களுக்கு அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். எழுத்தில் ரசீது வாங்குங்கள். வரி உண்டா, உண்டென்றால் முழுப் பரிசுக்கும் உங்கள் பெயரில் விழுமா, பங்குதாரர்களுக்குக் கொடுத்ததைக் கழிக்க முடியுமா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள். பங்கைக் கொடுத்துவிட்டு, வரியை முழுப் பரிசுக்கும் தனியாகக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். பங்கு விற்கும்போதே வரிக்குப் பிந்தைய தொகையிலா முந்தைய தொகையிலா என்று எழுதிக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

அடுத்து, ஒரு முதல் பரிசு உங்கள் திறமையைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் சொல்கிறது. ஆயிரம் பேர் ஆடும் டோர்னமென்டில் நன்றாக ஆடுபவரும் பத்தில் எட்டு முறைக்கு மேல் பரிசின்றி வெளியேறுவார். வருடத்தின் லாபம் இரண்டு மூன்று முடிவுகளில் அடங்கிவிடும். பரிசைக் கழித்துவிட்டு மிச்ச ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள். அது நஷ்டமாக இருப்பதில் தவறில்லை, டோர்னமென்டின் இயல்பே அது. ஆனால் எவ்வளவு ஆழமான நஷ்டம் என்பதிலிருந்து அடுத்த பரிசு வரும்வரை எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்பது தெரியும். பெரிய களங்களில் ஆடுபவர் வழக்கமான பை-இனைப் போல 300 மடங்காவது வைத்திருப்பது நல்லது. அந்த 300-ஐ எட்டும் அளவு பரிசிலிருந்து பேங்க்ரோலுக்குப் போகட்டும். ஸ்டேக்கை ஏற்ற ஆசை இருந்தால், பரிசில் 5 சதவீதத்தை மட்டும் அதற்கென்று ஒதுக்குங்கள். அது தீர்ந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடுங்கள்.

மிச்சம் கடன் அடைக்க, 12 மாதச் செலவுக் கணக்கை நிரப்ப, அதற்குப் பிறகு முதலீட்டுக்கு. அதைத்தான் அடுத்த வாசகர் கேட்கிறார்.

கேள்வி: உபரிப் பணம் சேர்ந்திருக்கிறது. நண்பர்கள் சிலர் டே டிரேடிங் செய்கிறார்கள், சிலர் கிரிப்டோவில் போடுகிறார்கள், ஒருவர் தனக்கு ஸ்டேக் போடச் சொல்கிறார் (அவர் ஆடுவதற்குப் பணம் கொடுத்து, ஜெயிப்பதில் பங்கு வாங்குவது). போக்கர் தெரிந்தவனுக்கு இவையெல்லாம் எளிதாக வருமே?

பதில்: போக்கர் தெரிந்தவருக்கு இவை பழக்கமானவையாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் வருமானமே ஏறி இறங்கும் வருமானம். அதன் உபரியைக் கொண்டுபோய் அதே போல ஏறி இறங்கும், அதே மனநிலையைக் கேட்கும் இடத்தில் போட்டால், ஒரே டவுன்ஸ்விங் (தொடர்ந்து தோற்கும் காலம்) இரண்டு பக்கமும் அடிக்கும். டில்ட் ஆன (தோற்று நிதானம் இழந்த) இரவில் மேசையை மூடிவிட்டு டிரேடிங் திரையைத் திறப்பது ஓய்வு ஆகாது. முதலீடு சலிப்பாக இருக்க வேண்டும். நீங்கள் எந்த முடிவும் எடுக்காமல் அது பாட்டுக்கு நடக்க வேண்டும்.

அதற்குப் பொருத்தமானது, பரந்த சந்தையைப் பின்தொடரும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டு. 1976-ல் ஜான் போகலின் வான்கார்ட் நிறுவனம் சாதாரண முதலீட்டாளர்களுக்குக் கொண்டுவந்த வகை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று, வருடாந்தரக் கட்டணம். அதை ரேக் என்று நினைத்துக்கொள்ளுங்கள், உடனே புரியும். சந்தை வருடம் 7 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், 0.1 சதவீதம் கட்டணம் வாங்கும் ஃபண்டில் 100 ரூபாய் 30 வருடத்தில் 740 ஆகும். 1 சதவீதம் வாங்கும் ஃபண்டில் 574-தான் ஆகும். மேசையில் ரேக் அரை சதவீதம் குறைந்த தளத்தைத் தேடி அலையும் ஆட்டக்காரர்கள், ஃபண்டு கட்டணத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

இண்டெக்ஸ் ஃபண்டும் விழும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை 57 சதவீதம் இறங்கியது. பழைய உயரத்தைத் தாண்ட 2013 ஆனது. பொருளாதாரம் படுக்கும்போது பொழுதுபோக்காக ஆட வருபவர்களின் கையிலும் காசு குறையும். உங்கள் மேசை லாபமும் அதே நேரத்தில் சுருங்கலாம். அதனால் 7 வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இங்கே போடாதீர்கள். நிரம்பிய செலவுக் கணக்கு இல்லாமல் தொடங்கவும் கூடாது. நிலையான சம்பளக்காரர் பங்குகளில் 80 சதவீதம் போடுவார் என்றால், நீங்கள் 60 போட்டு மிச்சத்தை அரசுப் பத்திரங்களிலும் வைப்பு நிதியிலும் வைப்பது பொருத்தம்.

மாதாமாதம் ஒரே தொகை போடுங்கள் என்ற வழக்கமான அறிவுரை உங்களுக்கு ஒத்துவராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செலவுக் கணக்கில் 12 மாதத்துக்கு மேல் இருப்பதை அப்படியே மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி முன்பே குறித்திருக்க வேண்டும். ஜெயித்த உற்சாகமும் தோற்ற எரிச்சலும் அதில் தலையிடக் கூடாது.

கிரிப்டோ விஷயத்தில், பணத்தை அனுப்ப அதைப் பயன்படுத்துவது வேறு, பேங்க்ரோலை அதில் வைத்திருப்பது வேறு. பிட்காயின் 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர். 2022 நவம்பரில் 16,000-க்கும் கீழே. 40 பை-இனைக் காயினாக வைத்திருந்தவர், ஒரு ஹேண்ட்கூட ஆடாமல் 10 பை-இனுக்குக் கீழே வந்திருப்பார். டாலருக்கு இணையாக நிற்கும் என்று சொல்லப்படும் ஸ்டேபிள்காயின்களிலும் டெர்ராயூஎஸ்டி 2022 மே மாதம் உதிர்ந்துபோனது. யூஎஸ்டிசி 2023 மார்ச்சில் ஒரு வார இறுதியில் 90 சென்டுக்குக் கீழே போய் மீண்டது. தளத்துக்கு அனுப்ப வேண்டிய தொகையை அனுப்பும் நாளில் வாங்குங்கள், வந்ததை வந்த நாளில் மாற்றிவிடுங்கள்.

நண்பருக்கு ஸ்டேக் போடுவது முதலீடு அல்ல, நீங்கள் ஆடாமல் ஆடும் போக்கர். அதற்கான பணம் பேங்க்ரோலிலிருந்துதான் வர வேண்டும். கணக்கும் எளிது. அவருடைய உண்மையான லாப விகிதம் 20 சதவீதம் என்றால், 100-க்கு 120 திரும்பும். 1.1 மார்க்கப்பில் (அசல் விலையைப் போல 1.1 மடங்குக்கு) வாங்கினால் 110 கொடுத்து 120 எதிர்பார்க்கிறீர்கள்: 9 சதவீத லாபம். 1.25-ல் வாங்கினால் 125 கொடுத்து 120: அவர் ஜெயிக்கிற ஆட்டக்காரர், நீங்கள் தோற்கிற முதலீட்டாளர். அந்த 20 சதவீதம் எத்தனை டோர்னமென்டில் அளந்தது என்று கேளுங்கள். 200 என்றால் அந்த எண்ணுக்கு மதிப்பு ஏதும் இல்லை.

கேள்வி: என்னென்ன கணக்கு எழுதி வைக்க வேண்டும்?

பதில்: தேதி, தளம், ஆட்டம், ஸ்டேக், ஆடிய நேரம், தொடக்க இருப்பு, முடிவு இருப்பு. இதோடு ஒவ்வொரு டெபாசிட்டும் ஒவ்வொரு வித்டிராவலும், எந்த வங்கிக் கணக்கு என்பதோடு. மாதக் கடைசி இரவு எல்லாத் தளங்களின் இருப்பையும் படம் எடுத்து வையுங்கள். தளம் மூடினால் பழைய வரலாறும் அதோடு போய்விடும். வித்டிராவல் எல்லாம் ஒரே வங்கிக் கணக்குக்கு வரட்டும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். மூன்று வருடத்துச் சீரான பதிவு இருந்தால் பதில் சொல்லலாம்.

வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு தலைகீழ். சில நாடுகளில் பொழுதுபோக்காக ஆடுபவரின் லாபத்துக்கு வரி இல்லை. சில நாடுகளில் நிகர லாபத்துக்கு வரி. வேறு சிலவற்றில் ஜெயித்ததற்கு வரி உண்டு, தோற்றதைக் கழிக்க முடியாது, அல்லது முழுதாகக் கழிக்க முடியாது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 முதல் தோற்ற தொகையில் 90 சதவீதத்தை மட்டும் கழிக்கலாம் என்றது. அதன்படி 100 ஜெயித்து 100 தோற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாமலே 10-க்கு வரி கட்ட வேண்டும். இப்படிப்பட்ட விதி உள்ள இடத்தில் நிகர லாபம் மட்டும் எழுதிய கணக்கு உதவாது. ஜெயித்ததையும் தோற்றதையும் செஷன் செஷனாகப் பிரித்து எழுத வேண்டும்.

கேள்வி: என் கணவர் இரண்டு வருடமாக ஆன்லைன் போக்கர் ஆடுகிறார். நன்றாக ஜெயிப்பதாகச் சொல்கிறார், மென்பொருளில் மேலே ஏறும் கோட்டையும் காட்டினார். வீட்டுக்கு மட்டும் பணம் வருவதில்லை. சண்டை போடாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க ஒரே ஒரு கூட்டல் கழித்தல் போதும். இதுவரை தளத்திலிருந்து வங்கிக்கு வந்த மொத்தம், இப்போது தளத்தில் இருக்கும் இருப்பு, இரண்டையும் கூட்டி, இதுவரை கட்டிய மொத்தத்தைக் கழியுங்கள். வருவதுதான் உண்மையான லாபம். தளத்தின் காஷியர் பக்கத்தில் கட்டிய, எடுத்த விவரம் இருக்கும். அதை வங்கி அறிக்கையோடும் இ-வாலெட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

அந்தக் கோடு பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். மென்பொருள் அது பதிவு செய்த போக்கர் ஹேண்டுகளை மட்டும்தான் காட்டும். பல தளங்களில் அதே கணக்கிலிருந்து ஸ்லாட், பிளாக்ஜாக் எல்லாம் ஒரே கிளிக்கில் ஆடலாம். போக்கரில் ஜெயித்தது அங்கே கரைந்தால் கோடு ஏறிக்கொண்டே இருக்கும், பணம் இருக்காது. கணக்கு அமைப்புகளில் கேசினோ பகுதியை மட்டும் அடைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்கலாம்.

லாபம் உண்மையாகவே இருந்து, எல்லாம் பேங்க்ரோலில் தங்கியிருந்தால், முதல் பதிலில் சொன்ன எண்களை அவரோடு சேர்ந்து எழுதுங்கள்: பேங்க்ரோல் எத்தனை பை-இனைத் தொட்டதும் வீட்டுக்கு வரத் தொடங்கும், மாதத்தில் எந்தத் தேதி. கூட்டிப் பார்த்ததில் நஷ்டம் வந்தால், அல்லது கணக்கைக் காட்டவே அவர் மறுத்தால், அடுத்த வேலை முதலீடு பற்றியது அல்ல. உங்கள் பெயரில் உள்ள சேமிப்பைத் தனியே பிரித்து வையுங்கள், கூட்டுக் கணக்கில் கார்டு வரம்பைக் குறையுங்கள். உரிமம் பெற்ற தளங்களில் டெபாசிட் வரம்பும், சில மாதங்களுக்கோ சில வருடங்களுக்கோ தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் வசதியும் இருக்கும். அவர் மனம் இறங்கி வருந்தும் நாளில் அதைச் செய்யச் சொல்லுங்கள். மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். சூதாட்டப் பழக்கத்துக்கென்று ஆலோசனை தருபவர்களிடம் அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம்.